கேட்டதும் கேட்காததும்: மயிலிட்டிக் கரையில் கடன் விற்கப்படும் விதம்

2017 ஜூலை 3ஆம் திகதி, யாழ்ப்பாணக் கரையில் இராணுவத்தின் பிடியில் இருந்த மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. 1990 ஜூனில் போருக்கு அஞ்சி உடுத்த துணியோடு எழும்பிப் போன சனம், இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு தன் கரையில் கால் வைத்தது. ஒரு காலத்தில் மூன்றரைத் தொன் படகுகள் நிரையாகக் கட்டி நின்ற துறை அது. மல்லாகம், கோணப்புலம், பொலிகண்டி என்று முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஒரு தலைமுறைக் காலம் கழிந்திருந்தது. போகும்போது இளந்தாரிகளாக இருந்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு திரும்பினார்கள்.

நிலம் திரும்பியது, படகும் வலையும் எஞ்சினும் திரும்பவில்லை. இடம்பெயர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நகையாக விற்றோ அடகு வைத்தோ சாப்பிட்டவர்களிடம் முதல் என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கடற்றொழில் வெறுங்கையோடு தொடங்கக்கூடிய தொழில் அல்ல. பைபர் படகு, எஞ்சின், வலை, முதல் நாள் எண்ணெய் எல்லாவற்றுக்கும் காசு முன்னால் வேண்டும்; மீன் பின்னால்தான் வரும். வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்கும், மாதச் சம்பளம் எடுக்கும் இரண்டு பேரைப் பிணைக்குக் கேட்கும். இருபத்தேழு ஆண்டு முகாமில் இருந்தவருக்கு அரச உத்தியோகத்தர் இருவர் எங்கிருந்து பிணை நிற்பார்? ஆகவே அவருடைய கடன் வங்கிக்கு வெளியே இருந்துதான் வரவேண்டும். வெளியே கிடைக்கும் கடன் ஒருபோதும் தனியாக வருவதில்லை. அதோடு வேறொன்று கட்டப்பட்டிருக்கும்.

அந்தக் கட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வறியவரின் கடனைப் பேசும்போது வட்டி வீதத்தையே எல்லாரும் பேசுகிறோம். நூற்றுக்கு எத்தனை என்ற கேள்வி அவசியமானதுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய இன்னொன்று உண்டு: ஒருவருக்கு அவசரமாக வேண்டிய பொருளைக் கொடுக்கும்போது, அவர் கேட்காத எதையெல்லாம் சேர்த்து அவர் தலையில் கட்டுகிறார்கள்? அந்தக் கேட்காத பொருளின் விலையை அவரிடம் தனியாகச் சொல்கிறார்களா?

கரையின் பழைய கடனில் இருந்தே தொடங்கலாம். வடக்கின் கரையோரம் எங்கும் சம்மாட்டியும் மீன் முதலாளியும் முற்பணம் கொடுத்து வந்திருக்கிறார்கள். படகுக்கோ வலைக்கோ காசு தருவார். பல வேளை வட்டி என்று ஒரு சொல்லும் இருக்காது. பதிலுக்கு, கடன் தீரும்வரை பிடிக்கும் மீனை அவரிடமே போடவேண்டும். கரையில் கூறி விற்றால் கிடைக்கும் விலையைவிட அவர் தரும் விலை குறைவாக இருக்கும். அதற்கு மேல் கழிவும் உண்டு. வட்டி எங்கே போனது? மீனின் விலைக்குள் போய்விட்டது. ஒரு கிலோவுக்கு எவ்வளவு குறைந்தது, ஆண்டு முழுவதும் எத்தனை கிலோ போட்டார் என்று கணக்கெழுதினால்தான் அந்தக் கடனின் உண்மையான விலை தெரியும். அப்படி யாரும் எழுதுவதில்லை.

இந்த முறைக்கு ஒரு நியாயமும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. மீன்படாத காலத்தில் முதலாளி தவணை கேட்டு வாசலில் நிற்கமாட்டார். சோளகம் பெயர்ந்து வாடை அடிக்கத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாரி நாட்களில் அரிசிக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவரே இன்னும் கொஞ்சம் தருவார். கடனாளியின் கஷ்டம் கடல் வழியாகக் கடன் கொடுத்தவரையும் தொட்டது. அதனால்தான் அந்த உறவு நூறாண்டுகளுக்கு மேல் நின்றது. ஆனால் அதில் தொழிலாளி இழந்தது சிறிதல்ல. நல்ல விலை தருபவரிடம் தன் மீனைக் கொண்டுபோகும் சுதந்திரத்தை அவர் அடகு வைத்தார். அந்த அடகுக்கு யாரும் துண்டு எழுதிக் கொடுக்கவில்லை.

2009இல் போர் முடிந்த பிறகு ஏ9 வீதி வழியாக வேறு வகைக் கடன் வந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி நகரங்களில் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் அடுத்தடுத்துக் கிளை திறந்தன. அதே ஆண்டுகளில் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தது. அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி. சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறிய காலத்தில் அந்தக் காசு கூரைவரை எட்டவில்லை. மீதியைக் கடனாக எடுத்தவர்கள் பலர். அந்தக் கடனைத் தர மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். உறுதி கேட்கவில்லை, உத்தியோகத்தர் பிணை கேட்கவில்லை. அயலில் உள்ள பெண்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம்; அங்கேயே கட்டுக்காசு.

இதன் மூலவடிவம் வங்காளதேசத்தில் உருவானது. 1983இல் கிராமின் வங்கியாக நிலைபெற்று, 2006இல் முகமது யூனுஸுக்கும் அந்த வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றுத் தந்தது. வறிய பெண்கள் கடனைத் திருப்பிக் கட்டுவார்கள் என்று அது உலகத்துக்குக் காட்டியது. அந்தப் பாடத்தை இலாபத்துக்கு நடக்கும் கம்பனிகள் வேறு விதமாகப் படித்துக்கொண்டன: பெண்கள் எப்பாடுபட்டாவது கட்டுவார்கள், ஆகவே எவ்வளவும் கேட்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எந்தக் கம்பனியின் கணக்கும் அல்ல இது. இத்தகைய கடன் எப்படி இயங்குகிறது என்று காட்ட நானே எடுத்த எண்கள். கடன் 40,000 ரூபா. கிழமைக்கு 1,000 வீதம் 52 கிழமை. மொத்தம் கட்டுவது 52,000. "எவ்வளவு வட்டி தம்பி?" என்று கேட்டால், "கிழமைக்கு ஆயிரம்தான் அக்கா" என்று பதில் வரும். வற்புறுத்திக் கேட்டால் 12,000 ரூபா, நூற்றுக்கு முப்பது என்பார்கள். கேட்பவருக்கு அது நகை அடகு வட்டியைவிடச் சற்றுக் கூட என்று தோன்றும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 40,000 ஆண்டு முழுவதும் அவர் கையில் இருப்பதில்லை. ஒவ்வொரு கிழமையும் முதலில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. ஆறாம் மாதத்தில் ஏறத்தாழப் பாதி முதல் கட்டியாகிவிட்டது. வட்டி மட்டும் இன்னும் முழு 40,000க்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ள நிலுவைக்கு மட்டும் வட்டி என்ற முறையில் கணக்கிட்டால் அந்த முப்பது, ஆண்டுக்கு 54 சதவீதம் ஆகிறது. இனி, கடன் கொடுக்கும் நாளிலேயே ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,000 ரூபாவைக் கழித்துவிட்டு 38,000ஐக் கையில் தந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 65 சதவீதமாக ஏறும். கிழமை வட்டியைக் கூட்டுவட்டியாகப் பெருக்கி ஆண்டுக்குச் சொன்னால் 90ஐத் தாண்டும். முப்பது என்று சொன்னவர் பொய் சொன்னார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. அவர் ஒரு கணக்கு முறையைத் தெரிந்தெடுத்தார்; எதிரே இருந்தவருக்கு அந்த முறை தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

கழித்த 2,000 ரூபாவைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். காப்புறுதியை அந்தப் பெண் கேட்கவில்லை. எந்தக் கம்பனியின் காப்புறுதி, எதற்கு, யாருக்குப் பணம் வரும் என்பது அவருக்குத் தெரியாது. பெரும்பாலும் அது கடன் கொடுத்தவரின் முதலைக் காப்பது. அதாவது தன் கடன்காரரின் பாதுகாப்புக்குத் தானே பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தையும் கடனாக எடுத்து அதற்கும் வட்டி கட்டுகிறார். காப்புறுதி கெட்டது என்பதல்ல என் வாதம். கடலுக்குப் போகும் வீட்டுக்கு அதைவிட வேண்டியது வேறொன்றில்லை. அது வேண்டுமா வேண்டாமா என்று தனியாகக் கேட்டு, தனி விலை சொல்லி, வேண்டாம் என்றாலும் கடன் உண்டு என்று சொன்னால் அது வியாபாரம். சொல்லாமல் கழித்தால் அது பிடுங்கல்.

குழுப் பிணையும் அப்படி ஒரு கட்டுத்தான். தன் கடனை எடுக்க வந்தவர் அயலவர் நால்வரின் கடனையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். அதற்கு விலை எழுதப்படுவதில்லை. ஒருவரால் கட்டமுடியாத கிழமையில் மற்றவர்கள் சேர்ந்து போடவேண்டும், அல்லது அவர் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். முகாமில் ஒரே தண்ணீர்க் குழாயைப் பகிர்ந்தவர்கள், ஒரே கோவில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டியவர்கள், ஒருவரை ஒருவர் வசூலிக்கும் ஆட்களாக்கப்படுகிறார்கள். இருபத்தேழு ஆண்டு இடப்பெயர்வு உடைக்காத உறவை இது உடைத்திருக்கிறது என்பதை நான் இலேசாகச் சொல்லவில்லை.

கிழமைத் தவணையும் திணிக்கப்பட்டதே. கடல் கிழமைக்குக் கிழமை சம்பளம் கொடுப்பதில்லை. மாரியில் படகு இறக்கமுடியாத நாட்கள் உண்டு. தமிழ்நாட்டில் இருந்து வரும் இழுவைப் படகுகள் ஓர் இரவில் வலையை அறுத்துக்கொண்டு போனால் அந்த மாத உழைப்பே போய்விடும். கைப்பற்றப்பட்ட இந்தியப் படகுகள் இன்று மயிலிட்டித் துறைமுகத்திலேயே கட்டப்பட்டு நிற்கின்றன. இழந்த வலைக்கு அவற்றால் ஈடு கிடைப்பதில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றமுடியாமல் படகு கரையில் கிடந்த நாளிலும் கட்டுக்காசு நாள் மாறவில்லை. அப்போது ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியிடம் எடுப்பார்கள்; அதைக் கட்ட, நாள் கணக்கில் வட்டி ஏற்றும் மீற்றர் வட்டிக்காரரிடம் போவார்கள். மீற்றர் ஓடத் தொடங்கினால் நிற்காது.

இது ஓரிரு கிராமத்தின் கதையாக இருந்திருந்தால் ஐக்கிய நாடுகள் சபைவரை போயிருக்காது. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் பற்றிய ஐ.நா. சுயாதீன நிபுணர் குவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்தார். நுண்கடனுக்கு 220 சதவீதம்வரை வட்டி அறவிடப்படுவதாகவும், வசூலிக்க வருபவர்கள் சிலர் பெண்களிடம் பாலியல் ரீதியான இணக்கம் கேட்பதாகவும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் அமைப்புகள் அதற்கு முன்பே இதைச் சொல்லிக்கொண்டிருந்தன. வெளிநாட்டவர் வாயால் வந்த பிறகுதான் கொழும்பின் காதில் விழுந்தது.

அதே ஆண்டு, நிதியமைச்சர் மங்கள சமரவீரவின் காலத்தில், அரசு ஒரு நிவாரணம் அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களில், யாழ்ப்பாணமும் அதில் ஒன்று, 100,000 ரூபாவுக்குக் குறைந்த கடனை எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் கட்டமுடியாமல் போன பெண்களின் கடன் தள்ளுபடி. நல்ல நோக்கம், ஆனால் அந்த நிபந்தனையைப் பாருங்கள். தாலிக்கொடியை அடகு வைத்துத் தவணை தவறாமல் கட்டிய பெண் அதற்குள் வரமாட்டார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவரும் பதிவேட்டில் ஒழுங்காகக் கட்டியவர்தான், அவரும் வரமாட்டார். மிகக் கடினமாக உழைத்துக் கட்டியவர்களை அந்தத் திட்டம் கண்டுகொள்ளவே இல்லை.

வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற உச்சவரம்பும் மத்திய வங்கியால் 2018இல் வந்தது. அந்த வரம்பைக் கூட்டுவட்டிக் கணக்கில் வைத்து மேலே சொன்ன உதாரணத்துக்குப் போட்டால், கையில் 38,000 பெற்ற பெண்ணிடம் கிழமைக்கு ஏறத்தாழ 850 ரூபாவுக்கு மேல் கேட்கமுடியாது. 1,000க்கும் 850க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 7,800 ரூபா. ஆனால் வரம்பு, மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் பெற்றவர்களையே கட்டும். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம், மக்களிடம் வைப்புப் பெறும் நிறுவனங்களை நோக்கி எழுதப்பட்டது. வைப்பு எடுக்காமல் கடன் மட்டும் கொடுப்பவர் அதன் பிடிக்குள் வருவதில்லை. வைப்பாளரின் காசைக் காக்க ஒரு சட்டம் இருந்தது. கடனாளியைக் காக்க அது எழுதப்படவில்லை. 2021 மார்ச் 8ஆம் திகதி, பெண்கள் தினத்தன்று, பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்கில் இருந்தார்கள். சிங்களக் கிராமத்துப் பெண்களும் தமிழ்க் கரையோரப் பெண்களும் ஒரே கோரிக்கையைச் சொன்ன அரிய தருணம் அது. இனி எடுக்கும் ஒவ்வொரு கொள்கை முடிவும் அவர்களிடம் கேட்டு எடுக்கப்படவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டி விற்பது கடனுக்கு மட்டும் உரியதல்ல. 2021இல் பால்மாத் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதும் இதைக் கண்டோம். ஒரு பால்மாப் பெட்டி வேண்டுமானால் வேறு சாமானும் வாங்கவேண்டும் என்று கடைகளில் நிபந்தனை போட்டார்கள். குழந்தை அழும் வீட்டில் யார் பேரம் பேசுவார்? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, சனம் பாவனையாளர் அதிகார சபை என்று சொல்வது, அப்படி விற்பவர்கள்மீது நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரித்தது. அரசு அங்கே ஒரு கொள்கையை ஒப்புக்கொண்டது: தேவையைப் பிடித்து வைத்துக்கொண்டு தேவையற்றதைத் திணிப்பது குற்றம். அதே கொள்கை கடன் மேசைக்கு ஏன் வரவில்லை?

கைத்தொலைபேசியிலும் இதே கதை. கரையில் இருப்பவருக்கு இன்று போன் அவசியம். காற்று எப்படி, யாழ்ப்பாணச் சந்தையில் மீன் என்ன விலை, கனடாவில் உள்ள தம்பி காசு போட்டானா என்பதெல்லாம் அதில்தான். மலிவு விலைப் போனை வாங்கினால் கேட்காத செயலிகள் நிறைந்து வரும், பலவற்றை அழிக்கமுடியாது. நூறு ரூபா ரீலோட் போட்டுப் பயன்படுத்துபவரின் டேட்டாவை அவை பின்னால் இருந்து தின்னும். வசதி உள்ளவருக்கு அது எரிச்சல் மட்டும். இல்லாதவருக்கு அது செலவு.

உலகம் இதை எதிர்த்து நீண்டகாலமாகப் போராடி வருகிறது. விண்டோஸோடு மீடியா பிளேயரைக் கட்டி விற்றதற்காக ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2015இல் லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் வாங்கியவருக்குத் தெரியாமல் ஏற்றப்பட்டிருந்தது வெளியே வந்தது. அது பாதுகாப்பான இணைய இணைப்புகளுக்குள்ளேயே புகுந்து விளம்பரம் செருகியது. 2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், அண்ட்ரொய்ட் போன்களில் தன் செயலிகளைத் தொகுப்பாக ஏற்ற வற்புறுத்தியதற்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, சில கட்டளைகளை மட்டும் நீக்கியது. முன்பே ஏற்றிய செயலிகளை நீக்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்கள்மீது கட்டாயமாக்கியது. இந்த வழக்குகளில் எதுவும் விலை அதிகம் என்ற குற்றச்சாட்டில் நடந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். மீடியா பிளேயர் இலவசம். திணித்ததுதான் குற்றம்.

கடனும் மென்பொருளும் ஒரே பொருளாகச் சேர்ந்த இடம் கடன் செயலி. ஐந்து நிமிடத்தில் காசு என்று விளம்பரம். இறக்கினால், தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். கொடுக்காவிட்டால் கடன் இல்லை. தவணை தவறினால் அம்மாவுக்கும் வேலைத்தலத்துக்கும் உறவினருக்கும் அழைப்புப் போகும். முற்றத்துக் கூட்டத்தில் நால்வர் முன்னால் நடந்த அவமானம், இங்கே போனில் உள்ள நானூறு பேர் முன்னால் நடக்கிறது. குழுப் பிணையின் அடுத்த பிறவி இது. பிணை நின்றவர்களுக்குத் தாங்கள் பிணை நிற்பதே தெரியாது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டெம்பரில் இதற்கு விதி செய்தது. கடன் செயலி தொடர்பு எண்களையோ படங்களையோ அழைப்புப் பதிவுகளையோ தொடக்கூடாது. எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தை ஒரே தாளில் எழுதிக் கடனுக்கு முன்னால் கொடுக்கவேண்டும். மனம் மாறினால் குறித்த நாட்களுக்குள் முதலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு விலகலாம். அந்த விபரத் தாளை 2024 ஒக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் விரித்தார்கள்.

அந்தத் தாளில் புதிது எதுவும் இல்லை என்பதுதான் என்னை வியக்கவைத்தது. இலங்கையின் 1918ஆம் ஆண்டு 2ஆம் இலக்கப் பணக்கடன் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கடனுக்கு எழுதும் வாக்குறுதிச் சீட்டில் மூன்று விடயங்கள் வெவ்வேறாக, தெளிவாக எழுதப்படவேண்டும் என்கிறது அது. உண்மையில் கடனாகப் பெற்ற தொகை. வட்டி, கட்டணம் என்று முன்கூட்டியே கழித்த தொகை. ஆண்டுக்கு வட்டி வீதம். கடன் மிகக் கொடுமையானதாக இருந்தால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திரும்பத் திறந்து கணக்குப் பார்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையே ஒற்றிக்கும் கடன் வட்டிக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறது. கடனைக் கூறு பிரித்து எழுதவேண்டும் என்பது மேற்கில் இருந்து நேற்று இறங்கிய யோசனை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எங்கள் சட்டப் புத்தகத்தில் இருப்பது. ஆனால் 1918இன் சட்டம் வாக்குறுதிச் சீட்டு எழுதும் காலத்துக்கு எழுதப்பட்டது. இன்றைய குழுக் கடன் ஒப்பந்தம் பல பக்கம் அச்சிட்ட படிவம். கையெழுத்து வாங்குபவர் பக்கம் புரட்டிக் காட்டும் வேகத்தில் யாரும் வாசிக்கமுடியாது.

வேறு சட்டங்களும் உண்டு. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி எழுத்தில் முறையிடலாம். மத்திய வங்கி 2020இல் நிதி வாடிக்கையாளர் தொடர்புகளுக்கென்று ஒரு திணைக்களம் அமைத்து, 2023 ஓகஸ்டில் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. எல்லாம் நல்லதே. ஆனால் மண்ணெண்ணெய் விலையும் பால்மாவும் ஓர் இடம், வங்கி ஓர் இடம், செயலி ஓர் இடம், அனுமதிப் பத்திரமில்லாக் கடன்காரர் எங்குமில்லை என்று பிரிந்து கிடந்தால், மயிலிட்டிப் பெண் எந்தக் கதவைத் தட்டுவது? நுண்நிதியையும் கடனையும் ஒழுங்குபடுத்த ஓர் அதிகார சபை அமைக்கும் சட்டமூலம் 2024 ஆரம்பத்தில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்பட்டது. பணம் கொடுக்கும் சிறிய கிராமச் சங்கங்களையும் பெரிய கம்பனிகளையும் ஒரே தராசில் வைத்துவிடும் என்ற அச்சம் கிராமங்களில் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது.

தடையும் வரம்பும் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஆந்திராவின் அனுபவம் உண்டு. நுண்கடன் தற்கொலைகளுக்குப் பிறகு 2010 ஒக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் அடியோடு நின்றது, கம்பனிகள் விலகின, தேவை மட்டும் விலகவில்லை, பழைய வட்டிக்காரர் திரும்பி வந்தார். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தும், 2017 ஒக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தம்பதியும் இரண்டு பெண் குழந்தைகளும் தீயில் மாண்டார்கள். 2025இல் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க அங்கே இன்னொரு சட்டம் வந்தது. தடைச் சட்டத்துக்குப் பக்கத்தில் நல்ல கடனைத் தரும் ஓர் இடமும் இல்லாவிட்டால், சட்டம் நடப்பது காகிதத்தில்தான்.

அந்த இடம் யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் இருந்தது. 1911இல் இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தபோது, அதை மிக வேகமாகப் பற்றிக்கொண்ட பகுதிகளில் ஒன்று இந்தக் குடாநாடு. 1929இல் கூட்டுறவு வங்கி, 1936இல் மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரி, கரையோரம் எங்கும் கடற்றொழிலாளர் சங்கங்கள். இந்த இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான வீ. வீரசிங்கத்தின் பெயர் யாழ்ப்பாண நகர மண்டபம் ஒன்றில் நிற்கிறது. சங்கக் கடனுக்கும் வட்டி உண்டு. ஆனால் வட்டி வீதத்தைக் கடனாளிகளே கூட்டத்தில் தீர்மானிப்பார்கள், இலாபம் அவர்களுக்கே திரும்பும், மீன்படாத மாதம் எதுவென்று நிர்வாகத்துக்கே தெரியும். போரும் கட்சி அரசியலும் அந்தச் சங்கங்களைப் பலவீனமாக்கின. சில இன்று பெயருக்கு இயங்குகின்றன. அவற்றையும் அழகுபடுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. கணக்குக் காட்டாத தலைவர்களும் இருந்தார்கள்.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மயிலிட்டித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட அபிவிருத்தியைத் தொடக்கிவைத்தார். இறங்குதுறையும் கட்டடங்களும் வரும். அந்தத் துறைக்குள் மீனவர் சங்கத்தின் பெயரில் ஒரு கடன் மேசையும் வரவேண்டும். அதற்கு அரசு முதலில் ஒரு பங்கைப் போடவேண்டும். மீன் முதலாளியிடம் சிக்கியிருக்கும் முற்பணத்தைச் சங்கம் ஏற்று அடைத்து, மீனைக் கூறி விற்கும் உரிமையைத் தொழிலாளியிடம் திருப்பவேண்டும். கார்த்திகை முதல் தை வரை தவணை இல்லாத அட்டவணை, கையில் கிடைத்ததும் கழித்ததும் ஆண்டு வட்டியும் தனித்தனியே எழுதிய ஒரு தாள், காப்புறுதி வேண்டாம் என்று சொல்ல ஒரு பெட்டி, மூன்று மாதத்துக்கொருமுறை எல்லாருக்கும் முன்னால் கணக்கு வாசிப்பு. இவற்றில் எதற்கும் புதிய பாராளுமன்றச் சட்டம் தேவையில்லை. கடற்றொழில் திணைக்களமும் கூட்டுறவு ஆணையாளரும் சங்கமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், அடுத்த மாரிக்கு முன்னால் தொடங்கலாம்.